காலிமுகத்திடலில் எறிந்து பழகிய நூல்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் வெள்ளவத்தையில் வைகாசி என்பது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் மாதம்தான். தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முந்திய அந்த இரண்டு மூன்று வாரங்களில், கொழும்பு புழுங்கித் தவிக்கும் அதே நாட்களில், மலையகத்தின் உச்சியிலுள்ள ஓடைகள் வற்றியும் போகாமல் பெருகியும் வராமல் அடிக்கல் தெரியும்படி ஓடிக்கொண்டிருக்கும். ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போட நான் காத்திருக்கும் காலம் அதுவே. பிற்பகலில் இடி இடித்து ஒரு மழை கொட்டினாலும் மறுநாள் காலைக்குள் தண்ணீர் தெளிந்துவிடும். பருவமழை தொடங்கிவிட்டால் அந்தத் தெளிவு நெடுநாளைக்குத் திரும்பாது.

நான் பழகுவது ஈத்தூண்டில். பெயரைக் கேட்டு, ஈயைப் பிடித்து முள்ளில் குத்திப் போடுவது என்று நினைப்பவர்கள் பலர். முள்ளில் இருப்பது இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப் பூச்சி. அதற்கு எறும்பின் கனம்கூட இல்லை. அப்படியானால் அதை எப்படித் தூரத்துக்கு எறிவது? சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே நூலே பாரம். நான் வைத்திருப்பது நாலாம் இலக்க நூல். அதன் முதல் 30 அடி ஏறத்தாழ 8 கிராம் நிறை கொண்டது. கோலை ஓங்கும்போது அந்த நூல் தலைக்கு மேலாகப் பின்னால் சென்று விரியும். விரிந்து முடியும்வரை பொறுத்திருந்து, முடிந்த கணத்தில் முன்னால் தள்ளினால், சவுக்கின் சுருள் அவிழ்வதுபோல அவிழ்ந்துகொண்டே போய், நுனியிலுள்ள மெல்லிய நைலோன் இழையான தங்கூசியையும் அதில் கட்டிய ஈயையும் தண்ணீர்மேல் வைத்துவிட்டு ஓயும். பொறுத்திருக்கும் அந்த அரைக்கணம்தான் கைவருவதில்லை. பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அவசரப்பட்டு முன்னால் தள்ளினால் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு நுனியில் ஈ இராது.

இதைப் பழகுவதற்குக் கொழும்பில் எனக்குக் கிடைத்த இடம் காலிமுகத்திடல். வேலை முடிந்து மாலையில் அங்கே போய், முள்ளுக்குப் பதிலாக ஒரு சிவப்புக் கம்பளி நூல் துண்டை நுனியில் கட்டிக்கொண்டு, புல்லின்மேல் எறிவேன். கடற்காற்று எறிந்த நூலை முகத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து தரும். இறால் வடை விற்பவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சுற்றிலும் வானம் நிறையப் பட்டங்கள் நிற்க, நான் மட்டும் வெறும் நூலை வானத்தில் ஆட்டிக்கொண்டிருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் அருகே வந்து, "அங்கிள், உங்கட பட்டம் அறுந்து போச்சா?" என்று கவலையோடு கேட்டான். ஆம் என்றேன். அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஈ கட்டுவது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. அதற்கென்று விற்கும் பொருட்களைக் கடல் கடந்து வரவழைத்தால் தபாற்செலவே கோலின் விலையை எட்டிவிடும் என்பதால், ஊரில் கிடைப்பதைக் கொண்டு சமாளிக்கப் பழகிக்கொண்டேன். புறக்கோட்டையில் வாங்கிய தையல் நூல். பழுதாகிப்போன கைபேசி மின்னேற்றியின் வயரைக் கீறி எடுத்த செப்புக் கம்பி. கழுத்து இறகுக்கு ஒரு நாட்டுச்சேவல். உடல் சுற்றுவதற்கு மயிற்பீலியை மிஞ்சிய பொருள் இல்லை என்று உலகம் முழுவதும் ஈ கட்டுபவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அதன் ஒரு மயிரை முள்ளில் சுற்றினால் பச்சையும் செம்பும் கலந்து, உயிருள்ள பூச்சியைப்போல மினுங்கும். எங்கள் வீட்டில் அது கதிர்காமத்திலிருந்து வாங்கி வந்து முருகன் படத்துக்குச் செருகிய கொத்தாக இருந்தது. நான் ஒவ்வொரு மயிராக உருவி எடுத்ததை அம்மா இரண்டு மாதம் கழித்தே கவனித்தார். அந்த உரையாடலை இங்கே எழுதவேண்டியதில்லை.

இந்த முறை நான் பெருமையோடு கட்டிய ஈ, ஈசல். வைகாசி மழை பெய்த இரவில் எங்கள் மின்குமிழைச் சுற்றி ஈசல் மொய்ப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்துவருகிறேன். மழைக்காலத்தில் ஓடைமேல் விழும் ஈசலை மீன் விடுமா? ஆங்கிலேயர் தங்கள் ஊர்ப் பூச்சிகளைப் பார்த்துக் கட்டிய ஈக்களையே நாமும் ஏன் கட்டவேண்டும் என்ற சிறிய சுதேசி உணர்வும் அதில் இருந்தது. இணையக் காணொளிகளில் காட்டும் முறைப்படி, இறகுகளை நன்றாக நிமிர்த்தி, 14ஆம் இலக்க முள்ளில் ஒரு டசின் கட்டினேன்.

வெசாக் விடுமுறையோடு சேர்த்துப் போயிருக்கலாம். ஆனால் மீன்கடையே மூடிக்கிடக்கும் நாட்களில் தூண்டிலோடு ரயில் ஏற மனம் வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள் விடுப்பு எடுத்தேன். கோட்டையில் ஏறித் தலவாக்கலையில் இறங்கினேன். அங்கிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குப் பஸ். அதற்கும் மேலே, தோட்டத்து அனுமதியோடு நாங்கள் இறங்கும் ஓடையின் பெயரை எழுதப்போவதில்லை. தூண்டில்காரர்களின் இந்தக் கஞ்சத்தனத்தை வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். அது ஆக்ரோயாவில் கலந்து, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைக் கடலுக்குப் போகும் தண்ணீர் என்பதை மட்டும் சொல்லலாம். அதே மலைத்தொடரின் இன்னொரு சரிவில் விழும் மழை களனி கங்கையாகிக் கொழும்புக்கு வருகிறது.

என்னை அழைத்துப் போனவர் அலுவலக நண்பர் ஒருவரின் தந்தை. தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய தந்தை வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தூண்டிற்கோலும் வலைக்கூடையும் சுமந்து போனவர். துரைமார் பிடித்த மீன்களின் எண்ணிக்கை அந்தக் காலப் பதிவேடுகளில் இருக்கலாம். எந்தக் கல்லுக்குப் பின்னால் மீன் நிற்கும் என்ற அறிவு, சுமந்து போனவரின் பிள்ளையிடம்தான் இருக்கிறது.

ட்ரவுட் இந்த மண்ணின் மீன் அன்று. 1880களில் பழுப்பு ட்ரவுட் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாவில் பொரிக்கவைத்தார்கள். ஈரப்பாசிக்குள் முட்டைகளை வைத்துப் பனிக்கட்டியால் குளிரூட்டி அனுப்பும் உத்தி, 1864இல் இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்கு முட்டைகள் உயிரோடு போய்ச்சேர்ந்தபோதே மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. பழுப்பு ட்ரவுட் இங்கே நிலையாகப் பெருகவில்லை. பின்னர் வந்த, வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்தான் நமது ஓடைகளில் தானாக முட்டையிட்டு நிலைத்தது. 1896இல் துரைமார் இதற்கென்றே இலங்கை மீன்பிடிக் கழகம் ஒன்றை அமைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுபோனபோது இலங்கையிலிருந்தும் முட்டைகள் போயின. அவலாஞ்சியில் இருக்கும் மீனுக்கும் நம் மீனுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வரலாற்றைச் சொன்னவுடன், மலையகத் தமிழரும் இப்படித்தானே கொண்டுவரப்பட்டார்கள் என்று உவமை சொல்லும் நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. மீன் முட்டை பனிக்கட்டிப் பெட்டிக்குள் பத்திரமாக வந்து, காவலாளி வைத்துப் பேணப்பட்டது. மனிதர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை.

ஓடைக்குக் காலை ஆறரைக்குப் போய்ச்சேர்ந்தோம். அகலம் பத்து அடிதான் இருக்கும். சில இடங்களில் தாண்டிவிடலாம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் காட்டு மரங்கள். தண்ணீருக்குள் கை வைத்தால் விரல் விறைக்கிறது. ட்ரவுட்டுக்கு அந்தக் குளிர் வேண்டும். கடல்மட்டத்துக் கணக்கில், 10 பாகை வெப்பநிலையில் ஒரு லீட்டர் தண்ணீரில் 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 25 பாகையில் அது 8 ஆகக் குறைந்துவிடும். ஓடும் தண்ணீரை எதிர்த்து நாள் முழுவதும் நிற்கும் ஒரு மீனுக்கு அந்த வித்தியாசம் வாழ்வா சாவா என்பது.

நான் உடனே ஈசலைக் கட்டி எறிய ஆயத்தமானேன். ஐயா ஒரு பாறையில் உட்கார்ந்து வெற்றிலைப் பையைத் திறந்தார். "மொதல்ல கொஞ்சம் உக்காந்து பாருங்க தம்பி" என்றார். பதினைந்து நிமிடம் பார்த்தோம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு மூன்று மீன் தெரிந்தன. மீனைப் பார்க்கவில்லையாம், கல்லுக்குப் பின்னால் ஒரு நிழல் இருந்த இடத்தைவிட்டு அரைச்சாண் நகர்ந்து மீண்டும் வந்ததைப் பார்த்தாராம்.

பிறகு அவர் என் ஈசலை உள்ளங்கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கீங்க. ஆனா இந்தக் குளிருல ஈசல் ஏது? அறுவது வருஷத்துல நான் இங்க பாத்ததில்ல." கொழும்பிலிருந்து ஒரு டசின் ஈசலோடு நூறு மைலுக்கு மேல் பயணம் செய்து வந்தவனுக்கு இதைவிடப் பணிவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவர் ஓடைக்குள் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினார். அதன் அடிப்பக்கத்தில் மூன்று வாலிழைகள் கொண்ட தட்டையான குடம்பிகள் நண்டுபோல் பக்கவாட்டில் ஓடி ஒளிந்தன. மணலையே பசையிட்டு ஒட்டிக் கூடு கட்டிய வேறொரு புழுவும் இருந்தது. குடம்பிகள், ஆங்கிலத்தில் மே மாதத்தின் பெயரால் மேஃப்ளை என்று அழைக்கப்படும் பூச்சியின் இளமைப் பருவம். அது தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கடியில் கழித்து, மேலே வந்து தோலுரித்துப் பறக்கும். பறக்கும் பருவத்தில் உண்பதற்கு இயங்கும் வாய்கூட இல்லாமல் ஓரிரு நாளுக்குள் இணைசேர்ந்து மடியும். குளிர்நாடுகளில் இளவேனில் முடியும் காலத்தில் அவை ஒரே நேரத்தில் கூட்டமாக எழும் என்பதால் அந்த மாதத்தின் பெயர் வந்தது. குளிர்காலம் என்று ஒன்று தனியாக இல்லாத நமது ஓடைகளில் அந்தத் திருவிழாவை எதிர்பார்க்கக்கூடாது. ஆகவே மீனும் மேலே பார்ப்பதைக் காட்டிலும் கீழே மேய்வதே அதிகம். மயிற்பீலியில் சுற்றி, செப்புக் கம்பியால் இறுக்கி, தண்ணீருக்குள் அமிழும்படி கட்டிய 16ஆம் இலக்கக் குடம்பியைத் தேடி எடுத்தேன்.

எறியும்போது என் காலிமுகத்திடல் பயிற்சி பாதியும் பயனற்றுப் போயிற்று. அங்கே முதுகுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருந்தது. இங்கே தேயிலை இருந்தது. முதல் வீச்சில் ஈ ஒரு செடியின் நுனியில் மாட்டிக்கொள்ள, மேலே வரிசையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், "கொழுந்த நாங்க பறிச்சுக்கிறோங்க, நீங்க மீனப் பாருங்க!" என்று சத்தமிட்டார். மலை முழுவதும் சிரித்தது. அதன்பிறகு பின்னால் வீசுவதை விட்டுவிட்டேன். இடம் இல்லாத ஓடைகளுக்கு வேறு முறைகள் உண்டு: நூலைத் தண்ணீர்மேலேயே கிடத்தி, கோலை மெல்ல உயர்த்தி, ஒரு வளையமாக முன்னால் உருட்டிவிடுவது ஒன்று. ஈயை விரல் நுனியில் பிடித்து, கோலை வில்லாக வளைத்து, அம்புபோல் விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவது சற்றுக் கோமாளித்தனமாகத் தெரியும். ஆனால் கிளைகளுக்குக் கீழே ஈயைச் செலுத்த அதுவே எனக்குக் கைகொடுத்தது.

எறிவது இந்தக் கலையின் பாதிகூட இல்லை என்பதை நான் அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். மீன் நீரோட்டத்தை எதிர்த்து, தலை மேல்நோக்கி நிற்கிறது. ஆகவே கீழிருந்து மேலே போகவேண்டும். அது தண்ணீருக்குள்ளிருந்து வெளியுலகை 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியாக மட்டுமே பார்க்கிறது. ஆகவே குனிந்து, முழங்காலில் நடந்தால் அதன் கண்ணில் படாமல் நெருங்கலாம். இவற்றையெல்லாம் படித்து அறிந்திருந்தேன், செய்தும் பார்த்தேன். முதல் இரண்டு மணி நேரத்தில் நான்கு மீன்கள் என் ஈயின் பக்கத்தில் வந்து, முகர்ந்து பார்த்ததுபோல் ஒரு கணம் நின்று, திரும்பிப் போயின. "நூல் இழுக்குது தம்பி" என்று ஐயா ஒவ்வொரு தடவையும் சொன்னார். எனக்கு இழுப்பதாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஓடையின் நடுவில் தண்ணீர் விரைந்து ஓடுகிறது. கல்லுக்குப் பின்னால், மீன் நிற்கும் இடத்தில், மெதுவாகச் சுழல்கிறது. ஈ மெதுவான நீரில் விழுகிறது, நூல் விரைவான நீரில் கிடக்கிறது. நூலை ஓட்டம் இழுக்க, நூல் ஈயை இழுக்க, எந்த உண்மைப் பூச்சியும் செய்யாத ஒரு காரியத்தை என் ஈ செய்கிறது: அது தண்ணீரைவிட வேகமாகப் போகிறது. ஒரு விரற்கடை வித்தியாசம் போதும், மீனுக்குத் தெரிந்துவிடும். இதற்கு மாற்று, ஈ விழுந்தவுடன் கோல்நுனியை மெல்லத் தூக்கி, நூலின் நடுப்பகுதியை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக வளைத்துக் கிடத்துவது; அந்த வளைவை ஓட்டம் நேராக்கி முடிக்கும்வரை ஈ சுதந்திரமாக மிதக்கும். இரண்டு விநாடி கிடைக்கும், நல்ல கையாயிருந்தால் மூன்று. சிறிய ஓடையில் இதைவிட எளிய வழியும் உண்டு என்று ஐயா காட்டினார். என் கையைப் பிடித்து உயர்த்தி, கோலை நீட்டி, நூல் தண்ணீரைத் தொடாமல் காற்றிலேயே தொங்கும்படி வைத்து, தங்கூசி மட்டும் தண்ணீருக்குள் போகும்படி செய்தார். நூலே படாதபோது எதை இழுக்கும்? அவ்வளவு காலம் நூலை எறிய நான் பழகியிருக்க, அவர் சொல்லித்தந்தது நூலைத் தூக்கி வைத்துக்கொள்ள.

அடுத்த தடவை தங்கூசி ஒரு கணம் நின்றது. எங்காவது கல்லில் பட்டிருக்கும் என்று நினைத்து உயர்த்தினேன், கல் நகர்ந்தது. கோல் வளைந்து, நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே போயிற்று. ஒன்பது அங்குலம். பெரிய மீன் அன்று; கொழும்பில் எந்த மீன்காரரும் அதைத் தராசில் வைக்க வெட்கப்படுவார். ஆனால் பக்கவாட்டில் ஓடும் அந்த இளஞ்சிவப்புப் பட்டையையும், முதுகிலும் வாலிலும் தெளித்த கரும்புள்ளிகளையும் ஈரத்தோடு பார்த்தவர்கள் அளவைப் பற்றிப் பேசமாட்டார்கள். நண்பகலுக்குள் இன்னும் இரண்டு கிடைத்தன. ஒன்றைத் தேயிலைப் பெண்களின் ஆரவாரத்துக்கு நடுவே தவறவிட்டேன்.

பிடித்த மூன்றையும் நான் திரும்ப விடவில்லை. மேலைநாடுகளில் ஈத்தூண்டில்காரர்கள் பிடித்த மீனை முத்தமிடாத குறையாகத் திரும்ப விடுவதை ஓர் அறமாகவே கொண்டிருக்கிறார்கள். மீன் சொந்த மண்ணில் வாழும் இடங்களில் அது சரிதான். இங்கே அது வந்தேறி வேட்டையாடி. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வாழும், உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு நன்னீர் இறாலுக்கு ட்ரவுட் ஓர் அச்சுறுத்தலாக இருக்கிறது. அந்தச் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது, அங்கே தூண்டில் போடத் தடை இருக்கிறது. அந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன். அதே சமயம் நுவரெலியாவில் ட்ரவுட் குஞ்சுகளை ஓடைகளில் மீண்டும் பெருமளவில் விட்டால் உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்று யாராவது பேசும்போது எனக்கு உடன்பாடில்லை. ட்ரவுட்டுக்காக வைகாசி முழுவதும் ஏங்குகிறவன் இப்படிச் சொல்வது முரண்பாடு என்பது தெரியும்.

ஓடைக்கரையிலேயே மீன்களைக் கீறிச் சுத்தம் செய்தோம். ஐயா ஒவ்வொரு இரைப்பையையும் பிரித்து, ஒரு தேயிலை இலைமேல் பரப்பிக் காட்டினார். குடம்பிகள், மணற்கூடுகள், ஒரு கறுப்பு வண்டு, ஒரு தவளைக்குஞ்சு. ஈசல் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. மத்தியானம் அவர் வீட்டில், மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பூசிப் பொரித்த மூன்று மீனை ஐந்து பேர் பகிர்ந்து ரொட்டியோடு சாப்பிட்டோம். அவருடைய மனைவி தனக்குக் கருவாடே மேல் என்றார். இரண்டு மணிக்கு இடி முழங்கத் தொடங்கியது, பஸ் பிடிக்க ஓடினேன்.

கடந்த வாரம் பருவமழை இறங்கிவிட்டது. ஐயாவுக்குத் தொலைபேசி எடுத்தபோது, "தண்ணி பால் ஊத்துன டீ மாதிரி போகுது தம்பி, இப்ப வராதீங்க" என்றார். அதற்கும் முந்தி, திரும்பி வந்த மூன்றாம் நாள் இரவே வெள்ளவத்தையில் ஒரு மழை பெய்து ஓய்ந்து, ஈசல் வந்தது. அம்மா எப்போதும்போல் கூடத்து விளக்கை அணைத்து, முற்றத்து மின்குமிழுக்குக் கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். விழுந்த ஈசல் ஒவ்வொன்றும் நீர்மேல் இறகுகளைத் தட்டையாக விரித்துக் கிடந்தது. நான் கட்டிய பன்னிரண்டும் இறகுகளை மேஃப்ளைபோல நிமிர்த்திக்கொண்டு பெட்டிக்குள் இருந்தன.